வெளியேறும் வழி: போர்ப் பகுதியிலிருந்து ஓர் ஆவணப்படம் நம்மிடம் எப்படி வந்துசேர்கிறது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்துவடிவம். அரங்கில் திரையிட்ட காட்சிகளுக்கான விளக்கங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் நிழற்படக் கலைஞராக இருந்த தம் தந்தையின் பெயரால் பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. எதைப் பற்றிப் பேசுவது என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். ஒரு படக்காரரின் நினைவாக நடக்கும் கூட்டத்தில், உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுத்தவர்களைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று கருதினேன்.

போர்க்கள ஆவணப்படம் ஒன்றை வகுப்பிலோ திரைப்படச் சங்கத்திலோ போட்டுக் காட்டினால், விளக்கு எரிந்ததும் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எப்படி ஐயா துணிந்து நின்றார்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் படத்தை வீரக் கதையாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். நான் இன்று வேறொரு கேள்வியை முன்வைக்கிறேன். முற்றுகையிடப்பட்ட நகரத்தில், மின்சாரமும் இணையமும் இல்லாத இடத்தில், எடுத்த காட்சி வெளியே எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்? என்ன விலை கொடுத்தார்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்ப் பகுதியில் எடுக்கப்படும் ஆவணப்படத்தின் வடிவத்தைக் கேமராவும் படத்தொகுப்பு மேசையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. எடுத்தது வெளியேறிய வழியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்த வழியை அறியாமல் அந்தப் படத்தை மதிப்பிட முடியாது. இதற்கு நான் முதன்மையாக எடுத்துக்கொள்வது உக்ரைனின் மரியுபோல் நகரம். ஒரே நகரத்தில், ஒரே முற்றுகையின்போது, இரண்டு பெரிய ஆவணப்படங்கள் எடுக்கப்பட்டன. இரண்டும் வெளியேறிய வழி வேறு. அதனால் இரண்டும் வேறு வேறு படங்கள் ஆயின.

1. மாடிப்படிக்கு அடியில்

மரியுபோல் அஸோவ் கடலோரத் துறைமுக நகரம். இரும்பாலைகளின் ஊர். போருக்கு முன் சுமார் 4,30,000 பேர் வாழ்ந்தார்கள். 2022 பிப்ரவரி 24 அதிகாலை மூன்றரை மணிக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் குழு ஒன்று வேனில் அந்த நகருக்குள் நுழைந்தது. ஒளிப்பதிவாளர் மிஸ்திஸ்லாவ் செர்னோவ், நிழற்படக் கலைஞர் எவ்ஹேனி மலோலேட்கா, தயாரிப்பாளர் வசிலிசா ஸ்டெபனென்கோ. மூவரும் உக்ரைன்காரர்கள். செர்னோவ் ரஷ்ய எல்லையை ஒட்டிய கார்கிவ் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் போர் தொடங்கிவிட்டது.

அடுத்த சில நாட்களில் ரஷ்யப் படைகளின் முற்றுகையில் நகரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் போயிற்று, தண்ணீர் போயிற்று, உணவு வருவது நின்றது. கடைசியாகச் செல்பேசிக் கோபுரங்களும் வானொலி, தொலைக்காட்சிக் கோபுரங்களும் செயலிழந்தன. தொடர்பைத் துண்டிப்பதன் பயனைச் செர்னோவ் பின்னால் எழுதிய கட்டுரையில் தெளிவாகச் சொல்கிறார். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாததால் குழப்பம் பெருகுகிறது. வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாததால் தாக்குகிறவனைக் கேட்க ஆளில்லாமல் போகிறது. நிலவறையில் ஒடுங்கியிருந்த மக்கள் கேமராவைக் கண்டதும், கீவ் நகரம் விழுந்துவிட்டதா, யார் குண்டு போடுகிறார்கள் என்று படமெடுக்க வந்தவர்களையே கேட்டார்கள்.

அந்தச் சூழலில் காட்சிகளை அனுப்பியது எப்படி என்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். தொடக்கத்தில் சூறையாடப்பட்ட மளிகைக் கடை ஒன்றின் வெளிப்புறத்தில் மட்டும் சிறிது சிக்னல் கிடைத்தது. நாளுக்கொருமுறை வேனில் அங்கே போய், குண்டுக்கு மறைவாக மாடிப்படிக்கு அடியில் குந்தியிருந்து, எடுத்ததை அனுப்பினார்கள். மார்ச் 3-ஆம் தேதி வாக்கில் அதுவும் நின்றது. பிறகு மருத்துவமனை ஒன்றின் ஏழாவது மாடி ஜன்னல். அதன்பின் சில நாட்கள் செயற்கைக்கோள் தொலைபேசி மட்டுமே துணை. அந்தத் தொலைபேசி வேலை செய்த ஒரே இடம் குண்டு விழுந்து பள்ளமான திறந்தவெளி. ஆள் தன்னைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பள்ளத்தருகே உட்கார்ந்து தொடர்புக்குக் காத்திருக்க வேண்டும்.

மார்ச் 9 அன்று மகப்பேறு மருத்துவமனை மீது விமானத் தாக்குதல் நடந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைத் தூக்குப் படுக்கையில் சுமந்து வந்த காட்சியை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்கிறோம். அந்தத் தாயும் சேயும் பிழைக்கவில்லை. அதை எடுத்து முடித்தபோது பேட்டரி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அனுப்ப இணைப்பும் இல்லை. ஊரடங்கு தொடங்கச் சில நிமிடங்களே இருந்தன. இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கிய காவல் அதிகாரி ஒருவர், இது வெளியே போனால் போரின் போக்கே மாறும் என்று சொல்லி, மின்சாரமும் இணையமும் இருந்த ஓரிடத்துக்கு அழைத்துப் போனார். காணொளியை மூன்று துண்டாகப் பிரித்து, மூன்று செல்பேசிகளை வரிசையாக வைத்து, இருட்டில் அனுப்பினார்கள். பல மணி நேரம் ஆயிற்று. குண்டு விழுந்துகொண்டே இருந்தது. துணைக்கு வந்த காவலர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

உலகத் தொலைக்காட்சிகளில் நாம் பார்த்த அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

2. காற்றில் போனதும் காரில் போனதும்

இங்கிருந்து படத்தின் வடிவத்துக்கு வருகிறேன். அந்தக் குழு மரியுபோலில் மொத்தம் ஏறக்குறைய 30 மணி நேரக் காட்சிகளைப் பதிவு செய்தது. முற்றுகைக்குள்ளிருந்து அனுப்ப முடிந்தது அதில் மிகச் சிறு பகுதி. எஞ்சியது முழுவதும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் மெமரி கார்டுகளிலும் அவர்களோடேயே இருந்து, அவர்களோடேயே வெளியேறியது. ஆக இரண்டு வழிகள். செய்தி காற்றில் போயிற்று. படம் காரில் போயிற்று.

அந்தக் காட்சிகளிலிருந்து உருவான செர்னோவின் '20 டேஸ் இன் மரியுபோல்' என்ற ஆவணப்படம் 2023 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. 2024 மார்ச்சில் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. உக்ரைனுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. மேடை ஏறிய செர்னோவ், இந்தப் படத்தை எடுக்கவே நேர்ந்திருக்கக் கூடாது என்று தான் விரும்புவதாகச் சொன்னார். அதைச் சம்பிரதாயப் பேச்சாக நான் கருதவில்லை.

அந்தப் படத்தைக் கவனித்துப் பார்த்தவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பீர்கள். அதன் முதுகெலும்பு போரின் நிகழ்ச்சி வரிசை அன்று. அனுப்ப முடிந்ததா இல்லையா என்ற பதைபதைப்பே அதன் முதுகெலும்பு. நாள் 1, நாள் 2 என்று நாட்குறிப்பாகப் போகும் படத்தில், ஒரு நிகழ்ச்சியை விரிவாகக் காட்டியபின், அதே காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் எத்தனை நொடியாகச் சுருங்கி ஓடியது என்பதையும் காட்டுகிறார்கள். முதலில் முழு நேரம், பிறகு செய்தி நேரம். மருத்துவர்கள் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போராடுவதையும், முடியாமல் போவதையும், அவர்களில் ஒருவர் கேமராவைப் பார்த்து இதை எடுத்துக் காட்டுங்கள் என்று ஆத்திரத்தோடு சொல்வதையும் படத்தில் விடாமல் பார்க்கிறோம். அடுத்து அதுவே அயல்நாட்டு அறிவிப்பாளர் ஒருவரின் குரலுக்கடியில் நொடிக்கணக்கில் ஓடி மறைகிறது. செய்தியில் விடுபட்ட நிமிடங்களை மீட்டுக் கொடுப்பதே இந்தப் படம் எடுத்துக்கொண்ட வேலை. எல்லாக் காட்சிகளையும் அன்றன்றே அனுப்ப முடிந்திருந்தால் இந்த வடிவம் தோன்றியிருக்காது.

செய்தியாகவே ஆக முடியாத ஒரு காட்சியும் இதில் இருக்கிறது. போரின் முதல் நாள் தெருவில் ஒரு பெண் அழுதுகொண்டே எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறார். பொதுமக்களைச் சுடமாட்டார்கள், வீட்டுக்குப் போங்கள் என்று செர்னோவ் ஆறுதல் சொல்லி அனுப்புகிறார். சற்று நேரத்தில் அந்தப் பகுதியிலேயே குண்டு விழுகிறது. பின்னால் ஒரு புகலிடத்தில் அதே பெண்ணை உயிரோடு சந்தித்து மன்னிப்புக் கேட்கிறார். இதை எந்தச் செய்தி ஆசிரியரும் ஒளிபரப்பியிருக்க மாட்டார். இதில் யாரும் சாகவில்லை, எந்தக் கட்டடமும் விழவில்லை. ஆனால் அந்த நகரத்து மக்கள் முதல் நாள் எதை நம்பினார்கள், அந்த நம்பிக்கை எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதை இதைவிடத் துல்லியமாக வேறெதுவும் காட்டவில்லை. காரில் வந்த காட்சி இது.

படத்தில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. சில இடங்களில் பின்னணி இசை தேவையில்லை. மருத்துவமனை நடைவழியின் சத்தமே போதுமாயிருக்கும்போது இசை நம் கையைப் பிடித்து அழச் சொல்கிறது.

3. ஏன் ராணுவம் வந்து மீட்டது?

மகப்பேறு மருத்துவமனைக் காட்சிகள் வெளியானதும் ரஷ்யத் தரப்பு அவை அனைத்தும் நாடகம் என்றது. காயமுற்ற கர்ப்பிணி ஒருவரை நடிகை என்றது. லண்டனிலுள்ள ரஷ்யத் தூதரகம் அப்படி வெளியிட்ட பதிவுகளை ட்விட்டர் நீக்கியது. மார்ச் 11-ஆம் தேதி செர்னோவ் குழுவிடம் அவர்களுடைய ஆசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: பிழைத்த பெண்களைக் கண்டுபிடித்து, அவர்கள் இருக்கிறார்கள் என்று நிரூபிக்க முடியுமா? வேறொரு மருத்துவமனைக்குப் போய்க் கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் அப்போதுதான் பெண் குழந்தை பெற்றிருந்தார். அதையும் ஏழாவது மாடிக்கு ஏறி அனுப்பிக்கொண்டிருந்தபோது கீழே பார்த்தால், இஸட் எழுத்துப் பொறித்த ரஷ்ய டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மருத்துவமனை வளாகத்தையொட்டி வந்து நிற்கின்றன. வேனுக்குப் போகும் வழி மறைந்திருந்து சுடுபவனின் குறிக்குள் இருந்தது. உணவும் தண்ணீரும் கருவிகளும் வேனில். இவர்கள் மருத்துவர்கள் தந்த வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நோயாளிகளுக்கு நடுவே மறைந்தார்கள்.

விடிந்ததும் உக்ரைன் வீரர்கள் சிலர் உள்ளே நுழைந்து, பத்திரிகைக்காரர்கள் எங்கே என்று கேட்டார்கள். சுடும் சத்தத்துக்கு நடுவே ஓடி, கவச வண்டியேறி, ஒரு நிலவறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. ஒரு காவலர் விளக்கினார். நீங்கள் பிடிபட்டால், எடுத்ததெல்லாம் பொய் என்று உங்களையே கேமரா முன்னால் சொல்ல வைப்பார்கள். அதன்பின் மரியுபோலில் நீங்கள் செய்த வேலை அத்தனையும் வீணாகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நகரம் விழுந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வீரனும் தேவைப்படும் நேரம். அந்த நேரத்தில் படமெடுத்த மூன்று பேரை மீட்க வீரர்களை அனுப்புகிறார்கள். அன்பினால் மட்டும் இதைச் செய்யவில்லை. எடுத்த படம் வெளியே போய்விட்டாலும், எடுத்தவர் எதிரியின் கையில் இருந்தால் அந்தப் படம் செல்லாக்காசாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சாட்சியமும் சாட்சியும் சேர்ந்து வெளியேற வேண்டும். நீதிமன்ற நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. திரைப்படக் கல்வியில்தான் இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. இந்த மீட்பில் உக்ரைன் அரசுக்கும் நலன் இருந்தது என்பதைப் பார்வையாளர் மறக்க வேண்டியதில்லை. ஒரு தரப்பின் நலனோடு ஒத்துப்போனது என்பதாலேயே ஒரு காட்சி பொய்யாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

மார்ச் 15 அன்று ஒரு குடும்பத்தின் ஹூண்டாய் காரில் நெருக்கியடித்து உட்கார்ந்து வெளியேறினார்கள். அன்று ஏறக்குறைய 30,000 பேர் நகரைவிட்டுப் போனதாகச் செர்னோவ் எழுதுகிறார். ரஷ்யர்களின் 15 சோதனைச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் முன்னிருக்கையில் இருந்த தாய் வாய்விட்டுப் பிரார்த்தித்தார். காரில் யார் இருக்கிறார்கள், எது மறைந்திருக்கிறது என்பது தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கும் அதே கதிதான். தெரிந்தே ஏற்றிக்கொண்டார்கள். பதினாறாவது சாவடியில் உக்ரைன் மொழி கேட்டது. மறுநாள் மரியுபோல் நாடக அரங்கின் மீது குண்டு விழுந்தது. உள்ளே நூற்றுக்கணக்கானோர் தஞ்சமடைந்திருந்தார்கள். அதைப் பதிவு செய்ய அந்தக் குழு அங்கே இல்லை. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பின்னர் பிழைத்தவர்களிடம் விசாரித்து, 600 பேருக்கு நெருக்கமாக இறந்திருக்கலாம் என்று கணித்தது. மகப்பேறு மருத்துவமனையைப் பற்றி உலகம் அறிந்ததற்கும் நாடக அரங்கைப் பற்றி அறிந்ததற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். முதலாவதைப் பார்த்தோம். இரண்டாவதை விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

4. இயக்குநர் இல்லாமல் வந்த படம்

முற்றுகைக்காலத்தின் இரண்டாவது படத்தை எடுத்த மன்டாஸ் க்வேதராவிச்சியஸ் லிதுவேனியாக்காரர். மானிடவியலாளர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். செச்னியாவில் காணாமற்போனவர்களின் குடும்பங்களைப் பற்றி 'பர்ஸாக்' என்ற படத்தை 2011-இல் எடுத்தார். 2016-இல் 'மரியுபோலிஸ்' வெளிவந்தது. அப்போதே மரியுபோல் போர்முனைக்கு அருகில்தான் இருந்தது. ஆனால் அவர் காட்டியது செருப்புத் தைப்பதையும், மீன்வலையைச் சுத்தம் செய்வதையும், ஆலைத் தொழிலாளர்களுக்காக நடக்கும் ஒரு சிறு கச்சேரியையும். 2022-இல் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, தான் பழகிய மக்களைத் தேடி, எல்லாரும் வெளியேறிக்கொண்டிருந்த நகருக்குள் அவர் நுழைந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் கொல்லப்பட்ட செய்தி வந்தது. ரஷ்யப் படையினரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார் என்று உக்ரைனின் மனித உரிமை ஆணையர் அப்போது அறிவித்தார். அவரை மணக்கவிருந்த ஹன்னா பிலோப்ரோவா உடன் இருந்தார். அவர்தான் உடலையும் தேடிக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார், எடுத்த காட்சிகளையும் கொண்டுவந்தார். படத்தொகுப்பாளர் டுன்யா சிஷோவ் அவற்றைத் தொகுத்துக் கொடுக்க, அதே ஆண்டு மே மாதம் கான் விழாவில் 'மரியுபோலிஸ் 2' திரையிடப்பட்டது.

இந்தப் படத்தில் விவரிப்புக் குரல் இல்லை, இசை இல்லை, தேதி இல்லை. ஒரு தேவாலயத்தில் தஞ்சமடைந்த அக்கம்பக்கத்தார் முற்றத்தைப் பெருக்குகிறார்கள். உடைந்த கண்ணாடியையும் ஓட்டுத் துண்டுகளையும் கூட்டி அள்ளுகிறார்கள். வெளியே அடுப்பு மூட்டிப் பெரிய பாத்திரத்தில் சூப் காய்ச்சுகிறார்கள். குண்டுச் சத்தம் கேட்டபடியே இருக்கிறது, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு காட்சியில் இரண்டு பேர் இடிந்த வீடு ஒன்றின் முற்றத்திலிருந்து ஜெனரேட்டரை வெளியே எடுக்கப் பாடுபடுகிறார்கள். அது நகர மறுக்கிறது. எப்படித் திருப்புவது, எங்கே பிடிப்பது என்று, பழுதுபார்க்க வந்தவர்கள் பேசுவதுபோல் பேசிக்கொள்கிறார்கள். அதே சட்டகத்துக்குள் இரண்டு சடலங்கள் கிடக்கின்றன. கேமரா அவற்றை நோக்கி நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. தேவாலயத்தில் உள்ளவர்களுக்கு மின்சாரம் வேண்டும். அதனால் உயிரோடு இருப்பவர்கள் வேலையைப் பார்க்கிறார்கள். அந்தக் காட்சி வெட்டில்லாமல் நீள்கிறது.

நீண்ட காட்சிகள் அவருடைய இயல்பான பாணிதான், மானிடவியலாளரின் பொறுமை அது என்று சொல்வீர்கள். உண்மை. ஆனால் அதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எடுத்தவர் திரும்பி வரவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது, எதன்பின் எதை வைப்பது என்று கேட்க ஆளில்லை. தொகுத்தவர்கள் அந்த இடத்தைத் தங்கள் கருத்தால் நிரப்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். செர்னோவ் உயிரோடு வந்தார். அதனால் அவர் படத்தில் 'நான்' என்று பேசும் குரல் இருக்கிறது, விளக்கம் இருக்கிறது, குற்றவுணர்வு இருக்கிறது. க்வேதராவிச்சியஸ் வரவில்லை. அதனால் அவர் படத்தில் மக்கள் மட்டும் இருக்கிறார்கள்.

எது சிறந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒளிந்துகொள்ளாமல் சொல்கிறேன். சாட்சியமாகச் செர்னோவின் படம் வலியது. திரைப்படமாக 'மரியுபோலிஸ் 2' பெரியது.

5. ஆடைக்குள் வந்த ஐந்நூறு மணி நேரம்

அடுத்து சிரியாவின் அலெப்போ நகருக்கு வருவோம். வாத் அல்-கதீப் அலெப்போ பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த மாணவி. 2011-இல் சிரியாவில் கிளர்ச்சி தொடங்கியபோது கையிலிருந்த செல்பேசியில் எடுக்கத் தொடங்கினார். மருத்துவர் ஹம்ஸாவை மணந்து, அவர் நடத்திய மருத்துவமனையிலேயே வாழ்ந்து, 2016 ஜனவரி முதல் நாளில் சமா என்ற பெண் குழந்தையைப் பெற்றார். அந்த ஆண்டு உறவினரைப் பார்க்கக் குடும்பத்தோடு துருக்கிக்குப் போயிருந்தபோது அலெப்போ முற்றுகைக்குள் போகப்போகிறது என்ற செய்தி வந்தது. வெளியிலேயே இருந்துவிட்டிருக்கலாம். கைக்குழந்தையோடு திரும்பி உள்ளே போனார்கள். டிசம்பரில் கிழக்கு அலெப்போ வீழ்ந்து மக்கள் வெளியேற்றப்பட்டபோது, ஹார்ட் டிஸ்க்குகளை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். 500 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவு.

ஐந்தாண்டு வாழ்க்கை முழுதாக வெளியே வந்துவிட்டதால் அந்தப் படம் வேறு வகையானது. இங்கிலாந்தில் எட்வர்ட் வாட்ஸோடு சேர்ந்து நீண்ட காலம் தொகுத்து, 2019-இல் 'ஃபார் சமா' வெளிவந்தது. மகளுக்குத் தாய் பேசும் குரலில், காலம் முன்னும் பின்னுமாக நகர்கிறது. திருமணம், தோட்டம், பனி விழுந்த காலை, குண்டு, மறுபடி சிரிப்பு. முற்றுகைக்குள்ளிருந்து ஓட்டமாக அனுப்பியவற்றால் இப்படி ஒரு படத்தைக் கட்ட முடியாது.

அதில் ஒரு காட்சி. காயமுற்ற நிறைமாதப் பெண்ணுக்கு அறுவை செய்து குழந்தையை எடுக்கிறார்கள். சிசு அசையவில்லை. நிறமில்லை. தலைகீழாகப் பிடிக்கிறார்கள், முதுகில் தட்டுகிறார்கள், தேய்க்கிறார்கள், மார்பை அழுத்துகிறார்கள். பார்க்கும் நமக்கு நம்பிக்கை போய்விடுகிறது. மருத்துவர்களுக்குப் போகவில்லை. கண் திறக்கிறது. அழுகிறது. தாயும் பிழைத்தார். இந்தக் காட்சியை இருபது நொடிக்கு வெட்டினால் அது நல்ல செய்தி. வெட்டாமல் பார்த்தால்தான், அந்த மருத்துவர்கள் ஒவ்வொரு நாளும் எதற்காக அங்கே நின்றார்கள் என்பது புரிகிறது.

6. செல்பேசித் திரைக்குள்

வழியே இல்லாதபோது என்ன ஆகும்? 2023 அக்டோபருக்குப் பின் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் சுதந்திரமாகக் காஸாவுக்குள் நுழைய இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. பாரிஸில் வாழும் ஈரானிய இயக்குநர் செபிதே ஃபார்சி கெய்ரோ வரை போயும் உள்ளே நுழைய முடியவில்லை. காஸாவிலிருந்த ஃபாத்திமா ஹசூனா என்ற இளம் நிழற்படக் கலைஞரோடு காணொளி அழைப்பில் பேசத் தொடங்கினார். ஒரு செல்பேசியில் அழைப்பு, அந்தத் திரையை இன்னொரு செல்பேசியால் பதிவு. முகம் உறைகிறது, சிதறுகிறது, குரல் பாதியில் அறுகிறது, மறுபடி அந்தப் பெண்ணின் சிரிப்பு வருகிறது. ஏறக்குறைய ஓராண்டு இப்படி. இடையிடையே அவர் எடுத்த நிழற்படங்கள். படம் முழுவதும் அதுதான். அறுந்து அறுந்து வரும் இணைப்பே அதன் வடிவம். அதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்பவர்கள் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை உணரவில்லை. 2025 ஏப்ரல் 15-ஆம் தேதி அந்தப் படம் கானில் திரையிடத் தேர்வான செய்தி வெளியானது. மறுநாள் வீட்டின் மீது நடந்த தாக்குதலில் ஃபாத்திமா குடும்பத்தினர் பலரோடு கொல்லப்பட்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் மனத்தில் இலங்கையின் வன்னி வந்திருக்கும். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியைவிட்டு வெளியேறுமாறு இலங்கை அரசு உத்தரவிட்டது. அங்கே போரின் கடைசி மாதங்களின் காட்சிகளை எடுத்தவர்கள் குண்டுக்கு நடுவே இருந்த தமிழர்களும், தாங்கள் செய்ததைத் தாங்களே செல்பேசியில் பதிவு செய்துகொண்ட படையினரும். கேலம் மக்ரேயின் 'நோ ஃபயர் ஸோன்' (2013) அவற்றிலிருந்துதான் உருவானது. படையினர் எடுத்ததாக முதலில் வெளியான காணொளியை இலங்கை அரசு போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் நியமித்த வல்லுநர்கள் 2010-இல் ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்றார்கள். அந்தப் படத்துக்கு 2014-இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. போர்க்களத்தின் சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்த காட்சிகளை நம் நாட்டில் இன்னொரு சோதனைச்சாவடி நிறுத்தியது. இதை நான் வருத்தத்தோடு மட்டுமல்ல, வெட்கத்தோடும் சொல்கிறேன்.

7. இதனால் நாம் செய்ய வேண்டியது

கலையைப் போக்குவரத்தாகக் குறைக்கிறேனோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. திறமை இல்லாதவர் கையில் எல்லா வழியும் திறந்திருந்தாலும் படம் வராது. நான் சொல்வது, போர்ப் படத்தில் திறமை செயல்படும் எல்லையை வகுப்பது அந்த வழி என்பதே. ஆகவே நம் திரைப்படத் துறைகளில் கேமராவையும் தொகுப்பையும் கற்பிக்கும்போது, எடுத்ததைக் காப்பது, மூலக்கோப்பை மாற்றாமல் வைப்பது, இடமும் நேரமும் குறிப்பது, படத்தில் முகம் காட்டியவருக்குப் பின்னால் ஆபத்து வராமல் பார்ப்பது ஆகியவற்றையும் பாடமாக வைக்க வேண்டும். போர் நடக்கும் ஊரில் மட்டுமல்ல, சாதிக் கலவரம் நடந்த ஊரிலும் இவை தேவைப்படும்.

விமர்சனம் எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். இயக்குநரின் துணிச்சலைப் பற்றி ஒரு பத்தி எழுதினால், இணைப்புத் தேடிக் கொடுத்த காவலருக்கும், வெள்ளை அங்கி தந்த மருத்துவருக்கும், காரில் இடம் கொடுத்த தாய்க்கும், உடலோடு பதிவையும் சுமந்து வந்த பெண்ணுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் இயக்குநர் இருந்திருக்கலாம், படம் இருந்திருக்காது.

கடைசியாக இந்தத் துறைக்கு என் வேண்டுகோள். இரண்டு மரியுபோல் படங்களையும் அடுத்தடுத்த நாளில், முறையாக உரிமை பெற்று, தமிழ்த் துணைத்தலைப்புகளோடு இந்த அரங்கிலேயே திரையிட வேண்டும். துணைத்தலைப்பு எழுதும் பணியை முதுகலை மாணவர்கள் ஏற்கலாம். சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். இந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே செய்யுங்கள்.